பொம்மை முயலும் வேலி போட்ட புல்வெளியும்

கலிபோர்னியாவில் எமரிவில், பெர்க்லி என்று ஒட்டியபடி இரண்டு ஊர்கள். நாய் வரலாற்றில் இரண்டுக்குமே இடமுண்டு. எமரிவில்லில் 1919-இல் ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர் வட்டப்பாதை போட்டு, தண்டவாளத்தில் ஓடும் பொம்மை முயலுக்குப் பின்னால் கிரேஹவுண்டுகளை ஓடவிட்டார். இன்றைய நாய்ப் பந்தயம் அங்கே தொடங்கியது. அறுபது வருஷம் கழித்து, 1979-இல், பக்கத்து ஊரான பெர்க்லியில் ஓலோனி பூங்காவின் ஒரு மூலையை வேலி போட்டு, ‘இங்கே கயிறை அவிழ்த்துவிடலாம்’ என்றார்கள். அமெரிக்காவின் முதல் நாய்ப் பூங்கா என்று அதைத்தான் சொல்கிறார்கள். சுரங்க ரயிலுக்காகத் தோண்டி மூடிய நிலத்தின் மேல் வந்த பூங்கா அது.

இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். ஆனால் முதலாவதில் ஓடி ஓய்வுபெற்ற நாயை இரண்டாவதில் விடலாமா என்ற கேள்வி, ரேஸ் நாயைத் தத்தெடுத்தவர்கள் நடுவே இன்னும் சண்டையாகவே இருக்கிறது. ‘பாவம், வாழ்நாள் முழுக்கக் கூண்டுல கிடந்துச்சு, இப்பவாவது சுதந்திரமா ஓடட்டுமே’ என்பது ஒரு பக்கம். ‘பக்கத்து வீட்டு பொமரேனியன் செத்துப்போனா நீ பதில் சொல்லுவியா?’ என்பது மறுபக்கம். எனக்கு இதில் ஒரு கருத்து இருக்கிறது. அதற்கு முன் அந்த நாய் எப்படி உருவானது என்று பார்த்துவிடலாம்.

கிரேஹவுண்ட் மோப்பம் பிடித்து வேட்டையாடும் இனமில்லை, கண்ணால் பார்த்துத் துரத்துவது. நம்மூர் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே ரகம்தான். தூரத்தில் ஏதோ சின்னதாக அசைந்தால் போதும், உடம்பு தானாகக் கிளம்பிவிடும். பிரிட்டிஷ் நிலவுடைமையாளர்கள் இதை ஒரு விளையாட்டாக்கினார்கள். திறந்தவெளியில் ஒரு நிஜ முயலை முன்னால் ஓடவிட்டு, இரண்டு நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். முயலை எது பிடிக்கிறது என்பதைவிட எது முந்துகிறது, எது முயலைத் திரும்ப வைக்கிறது என்பதற்குத்தான் புள்ளிகள். லிவர்பூல் அருகே 1836-இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பைதான் இதில் பெரியது. அதை மூன்று முறை வென்ற மாஸ்டர் மெக்ராத் என்ற அயர்லாந்து நாயை விக்டோரியா ராணியே நேரில் பார்த்தார். அந்தப் போட்டி 2005 வரை நடந்தது, பிறகு சட்டம் வந்து நிறுத்தியது.

முயல்கள் சாவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஸ்மித் பொம்மை முயலைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பொம்மை முயலுக்கு வேறு சில வசதிகளும் உண்டு. அது தப்பி ஓடாது, சொன்ன நேரத்துக்குக் கிளம்பும், ராத்திரியில் விளக்கு வெளிச்சத்திலும் ஓடும். அதாவது, வேலை முடிந்து வரும் தொழிலாளி டிராம் ஏறி வந்து, பந்தயம் கட்டிவிட்டு, தூங்குவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். மான்செஸ்டரின் பெல் வ்யூ அரங்கில் 1926 ஜூலை 24 அன்று நடந்த முதல் பந்தயத்துக்கு ஏறக்குறைய 1,700 பேர்தான் வந்தார்கள். சில வாரங்களிலேயே கூட்டம் ஆயிரங்களில் பெருகியது. அடுத்த வருஷம் லண்டன் வொய்ட் சிட்டிக்கும் பந்தயம் வந்துவிட்டது. மிக் த மில்லர் என்ற நாய் 1929, 1930 என இரண்டு வருஷம் தொடர்ந்து டெர்பியை வென்று சினிமாவிலும் நடித்தது. அதன் பாடம் செய்த உடல் இன்றும் டிரிங் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் நிற்கிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நாயின் அன்றாடம்.

கிரேஹவுண்ட் குட்டி கிரேஹவுண்டுகளுக்கு நடுவிலேயே பிறக்கிறது, வளர்கிறது. ஏறக்குறைய ஒன்றரை வயதில் பந்தயத்துக்கு வருகிறது. நாளின் பெரும்பகுதி கூண்டில். வெளியே விடும்போது, ஒன்றையொன்று கடிக்காமலிருக்க வாய்க்கூடு. ஓடும்போதும் வாய்க்கூடு. ஒரு பந்தயம் முப்பது விநாடி, சுமார் ஐந்நூறு மீட்டர், மணிக்கு அறுபது கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். மூன்று, நான்கு வயதில் வேகம் குறைந்தாலோ கால் உடைந்தாலோ வேலை முடிந்தது. ஆயுளோ பத்துப் பன்னிரண்டு வருஷம். இத்தனை காலத்தில் அந்த நாய் லாப்ரடாரைப் பார்த்திருக்காது. பக் எனப்படும் சப்பை மூக்கு நாயைப் பார்த்திருக்காது. மாடிப்படி, கண்ணாடிக் கதவு எதையும் பார்த்திருக்காது. அது அறிந்த நாயுலகில் எல்லோருக்கும் ஒரே உயரம், ஒரே நீள மூக்கு. சின்னதாக, பஞ்சு மாதிரி, வேகமாக ஓடும் பொருள் ஒன்றே ஒன்றுதான். அதைத் துரத்தத்தான் அதை வளர்த்ததே.

மீதி வருஷங்களுக்கு என்ன ஆகும் என்று ரொம்ப காலம் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கியபோது பதில்கள் மோசமாக இருந்தன. இங்கிலாந்தின் சீஹம் என்ற ஊரில் ஒரே ஆள் பதினைந்து வருஷத்தில் பத்தாயிரம் நாய்கள்வரை சுட்டுப் புதைத்ததாக 2006-இல் பத்திரிகையில் வந்தது. ஆஸ்திரேலியாவில் 2015-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வேறொன்றைக் காட்டியது. பயிற்சியில் நாய்களுக்கு வெறி ஏற்ற, உயிருள்ள முயலையும் பன்றிக்குட்டியையும் பொம்மையின் இடத்தில் கட்டிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். முயலைக் காப்பாற்ற வந்ததாகச் சொல்லப்பட்ட கண்டுபிடிப்பு கடைசியில் இங்கே வந்து நின்றது. நியூ சவுத் வேல்ஸ் அரசு 2016 ஜூலையில் பந்தயத்துக்குத் தடை அறிவித்தது. அக்டோபரிலேயே எதிர்ப்புக்குப் பயந்து பின்வாங்கியும் விட்டது. அந்த விசாரணை அறிக்கை, பன்னிரண்டு வருஷத்தில் குறைந்தது 48,891 நாய்கள் கொல்லப்பட்டதாகக் கணக்கு வைத்தது.

மக்காவ் கதை இன்னும் நெருக்கம், அது ஆசியாவில் நடந்தது. கானிட்ரோம் என்ற அரங்குக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நாய்கள் வந்துகொண்டிருந்தன. உள்ளே போன நாய் உயிரோடு வெளியே வருவதில்லை என்று விலங்குநல அமைப்புகள் சொல்லிக்கொண்டேயிருந்தன. 2018 ஜூலையில் அரங்கு மூடியபோது ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் மிச்சம். ஊர் முழுக்க அடுக்குமாடி, யார் வளர்ப்பது? பெரும்பாலானவை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் விமானம் ஏறின.

அப்படி வந்து இறங்கிய நாயைக் கூட்டிக்கொண்டு ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை நாய்ப் பூங்காவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

நாய்ப் பூங்கா சில விஷயங்களை எடுத்த எடுப்பிலேயே நம்பிவிடுகிறது. எல்லா நாய்களுக்கும் ஒரே பாஷை தெரியும், ஒருவரையொருவர் முகர்ந்து சமாதானம் ஆகிவிடும், சண்டை வந்தாலும் சின்னக் கடியோடு போகும் என்று. குடும்ப வீடுகளில் குட்டியிலிருந்தே பல இனங்களோடு பழகிய நாய்களுக்கு இது பெரும்பாலும் சரி. நம் கிரேஹவுண்டுக்கு மூன்றுமே சந்தேகம். ஒரு சின்ன நாய் பயந்து கீச்சிட்டபடி ஓடினால், அந்தக் கணத்தில் அது நாயாகத் தெரியாமல் போகலாம். கூப்பிட்டாலும் காதில் விழாது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அது போய்ச் சேர்ந்த பிறகுதான் நாம் வாயைத் திறந்திருப்போம்.

இதைச் சொல்லும்போது எல்லோரும் மற்ற நாய்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எனக்கு கிரேஹவுண்டைப் பற்றிய கவலை கூட. அதன் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பும் கிடையாது. ஒரு லாப்ரடார் விளையாட்டாகப் பல்லை வைத்தாலே கிழிந்து தையல் போடவேண்டி வரும். முழு வேகத்தில் ஓடும்போது ஒரு குண்டு நாய் குறுக்கே வந்தால் கால் போச்சு. அதோடு, அது ஓடுவதைப் பார்த்தாலே மற்ற நாய்களுக்குத் துரத்தத் தோன்றும். பந்தயத்தில் ஓடியதால் கடிக்காமல் பொறுத்துப்போகிற நாய்களும் ஏராளம். சொல்லப்போனால் பெரும்பாலானவை வீட்டில் சோபாவை விட்டு இறங்காத சோம்பேறிகள். பூனையோடு தூங்குகிறவையும் இருக்கின்றன. ஆனால் நம்முடையது எந்த ரகம் என்பதைத் தெரிந்துகொள்ள, முன்பின் தெரியாத இருபது நாய்கள் இருக்கும் மைதானம் சரியான இடமில்லை.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் உண்டு. கிரேஹவுண்டு ஆபத்து என்ற பெயரே வாய்க்கூடு வாங்கித்தந்த பெயர்தான் என்பார்கள். தெருவில் வாய் மூடி நடக்கும் நாயைப் பார்த்தால் குழந்தையைத் தள்ளிக்கொண்டுதான் போவோம். அதில் நியாயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் வளர்ப்பு கிரேஹவுண்டுக்கு வாய்க்கூடு கட்டாயம் என்ற பொதுவிதி 2019-இல் எடுக்கப்பட்டது. ஆனால் பொது இடத்தில் கயிறு வேண்டும் என்ற விதியை அப்போது எடுக்கவில்லை. விக்டோரியாவில் அப்போது மற்ற நாய்களை அவிழ்த்துவிடும் இடத்திலும் இதற்குக் கயிறுதான். அரை மனசான விதி என்று பலருக்கு எரிச்சல். எனக்கென்னவோ அதை எழுதியவர்களுக்கு இந்த நாயைத் தெரிந்திருந்தது என்று தோன்றுகிறது. தெருவில் நடக்கும்போது அது சாது. பிரச்சனை தூரத்தில் ஏதோ ஓடும்போது மட்டும்.

அதற்காக ஓடவே கூடாதா? அது அநியாயம். கிரேஹவுண்ட் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு காலும் தரையை விட்டுவிடும். பந்தயக்காரர்கள் சொல்லும் ‘நாய்க்கு ஓட ஆசை’ என்பது பொய்யல்ல, அதை வைத்து அவர்கள் செய்த வியாபாரம்தான் பிரச்சனை. பிரிட்டனில் இப்போது மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும், உயரமான வேலி போட்ட வயல்கள் வந்துவிட்டன. காசு கட்டி, கதவைப் பூட்டிவிட்டு, நாயை விடலாம். சில ஊர்களில் கிரேஹவுண்ட் வளர்ப்பவர்கள் மட்டும் சேர்ந்து, எல்லாவற்றுக்கும் வாய்க்கூடு மாட்டி ஒன்றாக ஓடவிடுகிறார்கள். அந்த நாய்களுக்குப் பழகின பாஷை அதுதான். எட்டுத் திசையிலும் பாய்ந்து மூன்று சுற்று வந்துவிட்டு, நாலாவது சுற்றுக்கு யாரும் எழுந்திருக்கமாட்டார்கள்.

என் ஓட்டு அதற்குத்தான்: பொதுப் பூங்கா வேண்டாம், காலி மைதானம் வேண்டும், அல்லது தன் இனத்தோடு.

இதற்கிடையில் எமரிவில்லில் தொடங்கியது அமெரிக்காவில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஃப்ளோரிடா மக்கள் 2018-இல் 69 சதவீத வாக்குகளில் பந்தயத்தை நிறுத்தச் சொன்னார்கள், 2020 முடிவில் அங்கே கடைசி அரங்கும் மூடியது. இப்போது மேற்கு வர்ஜீனியாவில் மட்டும் இரண்டு அரங்குகள். விளைவு விசித்திரம்: தத்தெடுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், நாய் இல்லை. சில அமைப்புகள் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஓய்வுபெற்ற நாய்களை விமானத்தில் வரவழைக்கின்றன. தலையைவிடக் கழுத்து பருமனான நாய் என்பதால் சாதாரணப் பட்டை நழுவிவிடும். அதனால் இழுத்தால் இறுகுகிற அகலமான கழுத்துப்பட்டை ஒன்றும், ஒரு வாய்க்கூடும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்புவது வழக்கம்.