அணைவுச் சேர்மங்களின் கட்டமைப்பு மாற்றியங்களை வேறுபடுத்தும் வேதிச் சோதனைகள்

ஒரே மூலக்கூற்று வாய்பாட்டைக் கொண்டிருந்தும், நடு உலோகத்துடன் எவை, எந்த அணு வழியாகப் பிணைந்துள்ளன என்பதில் வேறுபடும் அணைவுச் சேர்மங்கள் கட்டமைப்பு மாற்றியங்கள் எனப்படும். அணைவுக் கோளத்தினுள் ஈனியாகப் பிணைந்த அயனி கரைசலில் எளிதில் விடுபடாது. வெளியே உள்ள அயனியே வழக்கமான சோதனைகளுக்கு உடனே விடை தரும். 1893 இல் ஆல்பிரட் வெர்னர் முன்வைத்த கோட்பாடு இவ்வேறுபாட்டை விளக்கியது. அவருக்கு 1913 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அயனியாதல் மாற்றியங்கள்

கோபால்ட்டுடன் ஐந்து அம்மோனியாவும் ஒரு புரோமைடும் பிணைந்து, சல்பேட்டு வெளியே இருக்கும் சேர்மம் பேரியம் குளோரைடுடன் வெண்ணிற வீழ்படிவு தரும். சல்பேட்டு உள்ளேயும் புரோமைடு வெளியேயும் இருக்கும் மாற்றியம் வெள்ளி நைத்திரேட்டுடன் வெளிர்மஞ்சள் வீழ்படிவு தரும். வெள்ளி சல்பேட்டும் நீரில் குறைவாகவே கரையும் என்பதால், செறிந்த கரைசலில் வெள்ளிச் சோதனையை மட்டும் நம்புதல் தவறாகும்.

நீரேற்ற மாற்றியங்கள்

ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட குரோமியம்(3) குளோரைடு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதன் 0.01 மோல் (2.66 கிராம்) எடுத்து, மிகையான வெள்ளி நைத்திரேட்டைச் சேர்த்தால், ஊதா நிற மாற்றியம் 4.30 கிராமும், நீலப்பச்சை மாற்றியம் 2.87 கிராமும், கடைகளில் கிடைக்கும் கரும்பச்சை மாற்றியம் 1.43 கிராமும் வெள்ளி குளோரைடைத் தரும். அதாவது வெளியே உள்ள குளோரைடுகள் முறையே மூன்று, இரண்டு, ஒன்று. செறிந்த கந்தக அமிலத்தின் மேல் உலர்த்தினால் இவை முறையே இழக்கும் நீர் மூலக்கூறுகள் சுழியம், ஒன்று, இரண்டு. இரு சோதனைகளும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன.

கரைசல் புதியதாகவும் குளிர்ந்தும் இருக்கவேண்டும். நேரம் செல்லச்செல்ல நீர், உள்ளிருக்கும் குளோரைடை வெளியேற்றிவிடும்; வீழ்படிவின் எடை கூடி, கணக்கு பொய்த்துவிடும். பாடநூற் கணக்குகளில் இவ்வெச்சரிக்கை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இணைப்பு மாற்றியங்கள்

நைட்ரைட்டு, நைட்ரசன் வழியாகக் கோபால்ட்டுடன் பிணைந்தால் மஞ்சள் நிறச் சேர்மமும், ஆக்சிசன் வழியாகப் பிணைந்தால் செந்நிறச் சேர்மமும் கிடைக்கும். இரண்டிலும் வெளியயனி ஒன்றே என்பதால் வெள்ளி நைத்திரேட்டு பயன்படாது. நீர்த்த அமிலத்தில் செந்நிற மாற்றியம் சிதைந்து நைட்ரசு அமிலத்தைத் தரும். மஞ்சள் மாற்றியம் மாறாது நிற்கும்.

தோல் பதனிடுதலில்

இதே கருத்து ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலிலும் பயன்படுகிறது. ஊதா நிறக் குரோமியம் சல்பேட்டுக் கரைசலில் பேரியம் குளோரைடு சல்பேட்டை முழுவதும் வீழ்படிவாக்கும். கொதிக்கவைத்துப் பச்சையாக்கிய கரைசலில், சல்பேட்டின் ஒரு பகுதி குரோமியத்துடன் பிணைந்துவிடுவதால், குளிர்நிலையில் அப்பகுதி உடனே வீழ்படியாது. இவை முழுமையான மாற்றியங்கள் அல்ல எனினும், சோதனையின் அடிப்படை ஒன்றே. குரோமியம் தோலின் புரதத்திலுள்ள கார்பாக்சில் தொகுதிகளுடன் பிணைந்தே தோலைப் பதப்படுத்துகிறது. ஆகவே அதனுடன் முன்பே எவை பிணைந்துள்ளன என்பது பதனிடுவோருக்கு முக்கியமானது.