அறுந்த நரம்பு மீண்டும் வளருமா?

கையில் ஆழமாக வெட்டுண்டு விரல்களில் உணர்வற்றுப் போனவருக்குத் தக்க சிகிச்சையால் சில மாதங்களில் உணர்வு மெல்லத் திரும்புவதுண்டு. ஆனால், உயரத்திலிருந்து விழுந்து முதுகுத் தண்டுவடம் அறுபட்டவருக்குக் கால்களின் இயக்கம் திரும்புவதில்லை. இரண்டும் நரம்புகளே. ஒன்று தளிர்க்கிறது, மற்றொன்று ஏன் பட்டுப் போகிறது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு நேயர்கள் அறியத்தக்கது.

ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி சாந்தியாகோ ரமோன் இ கஹால் 1906-ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர். நரம்புகளின் சிதைவையும் மீள் வளர்ச்சியையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1913, 1914-ஆம் ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் அச்சுச் செலவை ஏற்றவர்கள் அர்ஜெண்டினாவில் குடியேறி வாழ்ந்த ஸ்பானிய மருத்துவர்கள். தாய்நாட்டை விட்டுக் கடல் கடந்து வாழ்ந்தோர் தம் மொழியின் அறிவுச் செல்வத்துக்குச் செய்த தொண்டு அது. 1928-இல் அந்நூல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பரவியது.

முதிர்ந்த உயிரின் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புப் பாதைகள் மாற்றமின்றி நிலைத்துவிட்டவை. அங்கே அழிவுண்டு, மீட்சியில்லை என்பது கஹால் கண்ட முடிவு. எனினும், அக்கடுந்தீர்ப்பை இயலுமானால் மாற்றும் பணி வருங்கால விஞ்ஞானத்துக்கு உரியது என்றும் அவர் உடன் எழுதினார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் எனும் முறையில் இவ்விடம் என் கருத்தைக் கவர்கிறது. மருத்துவ உலகம் பல்லாண்டுகள் முன்பாதியை மட்டுமே வேதவாக்காகக் கொண்டது. பின்பாதியை ஏறக்குறைய மறந்தது.

இத்தனைக்கும் கஹாலின் மாணவர் டெல்லோ 1911-ஆம் ஆண்டிலேயே ஒரு பரிசோதனை செய்திருந்தார். முயலின் மூளைக்குள் காலின் நரம்புத் துண்டு ஒன்றைப் பதித்தார். இழைகள் அதனுள் வளர்ந்து நுழைந்தன. ஆயினும், அவ்விழைகள் மூளையின் உயிரணுக்களிலிருந்தே புறப்பட்டவை என்று ஐயமற நிறுவும் வழி அந்நாளில் இல்லை. பின்வந்தோர் சிலருக்கு அப்பரிசோதனை கைகூடவும் இல்லை. ஆகவே அது மங்கி மறைந்தது.

அறுபது, எழுபது ஆண்டுகளுக்குப் பின் அவ்வினாவை மீண்டும் எடுத்தவர் ஆல்பர்ட் அகுவாயோ. 1934-இல் பிறந்து, அர்ஜெண்டினாவில் மருத்துவம் கற்று, கனடாவில் குடியேறி, மான்ட்ரீல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். நரம்பிழை தானே வளரும் ஆற்றலை இழந்ததா, அன்றிச் சூழல் அதைத் தடுக்கிறதா என்று அவர் கேட்டார். அவரும் அவர்தம் துணைவர்களும் எலியின் காலிலிருந்து எடுத்த நரம்பை அதன் தண்டுவடத்தில் ஒட்டினர். 1980, 1981-ஆம் ஆண்டுகளில் முடிவுகள் வெளிவந்தன. ஒட்டிய நரம்பின் வழியே மத்திய நரம்பு மண்டலத்தின் இழைகள் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் வளர்ந்திருந்தன.

டெல்லோவுக்குக் கிட்டாத சான்று இவர்களுக்குக் கிட்டியது. குதிரை முள்ளங்கி என்னும் கிழங்கிலிருந்து பெறும் ஒரு நொதியை ஒட்டிய நரம்பின் முனையில் இட்டால், இழைகள் அதை உறிஞ்சித் தாம் தோன்றிய உயிரணு வரை கொண்டு செல்லும். அச்சுவட்டைப் பின்தொடர்ந்தபோது அது மூளைத் தண்டிலும் தண்டுவடத்திலும் உள்ள உயிரணுக்களில் சென்று முடிந்தது. விதை பழுதன்று, நிலமே இடங்கொடுக்கவில்லை என்பது தெளிவாயிற்று.

அகுவாயோ குழுவினர் அடுத்துக் கண் நரம்பை எடுத்துக்கொண்டனர். வெள்ளெலியின் விழித்திரையிலிருந்து வளர்ந்த இழைகள் ஒட்டிய நரம்பின் வழியே மூளையை அடைந்து, அங்குள்ள உயிரணுக்களுடன் இணைந்தன. கண்ணில் ஒளி பட்டபோது அவ்வுயிரணுக்கள் மறுமொழி தந்தன என்பதை 1989-இல் வெளியான ஆய்வு காட்டியது. 1988-இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருது அகுவாயோவை அடைந்தது.

நிலத்தின் குறை யாது எனும் ஆராய்ச்சி இதன்பின் விரிந்தது. சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் ஷ்வாப் குழுவினர் 1988-இல், மத்திய நரம்புகளைப் போர்த்தியுள்ள மயலின் உறையில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருப்பதைக் காட்டினர். அவற்றுள் ஒன்றான நோகோவின் மரபணு 2000-ஆம் ஆண்டில் அடையாளங் காணப்பட்டது.

இவ்வெற்றிக்கு எல்லையும் உண்டு. ஒட்டிய நரம்பைக் கடந்து மீண்டும் தண்டுவடத்துள் புகுந்த இழைகள் சிறிது தூரத்திலேயே நின்றுவிட்டன. எலியிடம் கண்டது மனிதனுக்கு மருந்தாக இன்னும் கனியவில்லை. அறுபட்ட தண்டுவடத்தை முற்றும் குணப்படுத்துவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பி வீட்டையும் நிலத்தையும் விற்போர் இதை மனத்திற் கொள்ள வேண்டும். ஆயினும், இன்று இத்துறையில் உழைப்போர் முடியாததைத் தேடுகிறோம் என்று எண்ணுவதில்லை; முடிவதற்குரிய வழியைத் தேடுகிறோம் என்றே எண்ணுகின்றனர். கஹால் வருங்காலத்துக்கு விட்டுச் சென்ற பணி அவர்கள் கையில் நடந்துவருகிறது.