மக்காச்சோளத்துக்கு வேலை தேடிய ஆய்வகம்

பெட்ரோல்ல எத்தனால் கலக்குறது, சோளத்துல இருந்து பிளாஸ்டிக் செய்யுறதுன்னு இப்ப நிறைய பேச்சு அடிபடுது. கேட்டா ஏதோ நேத்து வந்த யோசனை மாதிரி இருக்கும். ஆனா இதே கனவு தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு இயக்கமா இருந்துச்சு. எழுந்துச்சு, அப்புறம் படுத்துடுச்சு. நடுவுல, யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியத்தைச் செஞ்சுட்டுப் போச்சு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல் உலகப்போர் சமயத்துல அமெரிக்க விவசாயிக்கு நல்ல விலை கிடைச்சது. போர் முடிஞ்சதும் விலை விழுந்தது. இன்னொரு பக்கம் டிராக்டர் வந்தது. குதிரை குறைஞ்சது. குதிரைக்குத் தீவனம் விளைஞ்ச நிலமெல்லாம் சந்தைக்கு விளைய ஆரம்பிச்சது. 1930-களின் தொடக்கத்தில் சில ஊர்களில் நிலக்கரியை விட மக்காச்சோளம் மலிவு. குளிருக்கு அதையே அடுப்பில் போட்டு எரித்தார்கள்.

அரசாங்கம் சொன்ன வழி, உற்பத்தியைக் குறைப்பது. 1933-ல் விளைஞ்சு நின்ன பருத்தியை மடக்கி உழச் சொல்லி, அதுக்குக் காசும் கொடுத்தாங்க. இதை எதிர்த்து ஒரு கூட்டம் கிளம்பிச்சு. விளைச்சலைக் குறைக்காதே, விளைஞ்சதை வாங்க புதுசா ஆலையைக் கொண்டுவா என்பது அவர்கள் வாதம். டௌ கெமிக்கல் நிறுவனத்தின் வேதியியலாளர் வில்லியம் ஹேல் 1934-ல் இதுக்கு 'கெமர்ஜி'ன்னு பேர் வெச்சார். விளைபொருளை வேதியியல் மூலமா தொழிற்சாலைக் கச்சாப்பொருளா மாத்துறதுன்னு அர்த்தம்.

1935 மே மாசம் இவங்க முதல் மாநாடு டியர்பார்ன்ல நடந்தது. நடத்தி வெச்சவர் ஹென்றி ஃபோர்டு. அவருக்கு சோயா மேல பெரிய பிரியம். கார் பெயின்ட்ல சோயா எண்ணெய், ஹார்ன் பட்டன்லயும் கியர் பிடியிலயும் சோயா பிளாஸ்டிக். 1941 ஆகஸ்ட்ல விவசாயப் பொருள் கலந்த பிளாஸ்டிக் உடம்போட ஒரு காரையே காட்டினார். அந்த ஒரு காரோட கதை முடிஞ்சது. விற்பனைக்கு வரவே இல்லை.

அந்த இயக்கத்தோட உண்மையான சாதனை வேற. 1938-ல் வந்த ஒரு வேளாண் சட்டம், நாலு வட்டார ஆய்வகங்களை அமைக்கச் சொன்னது. உபரி விளைபொருளுக்குப் புது உபயோகம் கண்டுபிடிக்கிறதுதான் அவங்க வேலை. மக்காச்சோளத்துக்கான ஆய்வகம் இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்ற ஊரில், 1940 கடைசியில் திறந்தது.

இப்ப அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் போவோம். 1941 பிப்ரவரி, ஆக்ஸ்ஃபோர்டு. ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர் கடுமையான தொற்றோட படுத்திருக்கார். பெனிசிலின் ஊசி போட்டதும் தேறினார். ஆனா கையில இருந்த மருந்து அவ்வளவுதான். அவர் சிறுநீரில் வெளியேறினதைக் கூடப் பிரிச்சு எடுத்து திரும்பப் போட்டாங்க. போதலை. மார்ச்சில் இறந்துட்டார்.

மருந்து வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாச்சு. அதை நிறைய தயாரிக்கத்தான் வழியில்லை. ஹோவர்ட் ஃப்ளோரியும் நார்மன் ஹீட்லியும் ஜூலையில் அமெரிக்கா போய், கடைசியில் பியோரியா வந்து சேர்ந்தாங்க. அங்க நொதித்தல் பிரிவு இருந்தது. இன்னொண்ணும் இருந்தது: மக்காச்சோள ஸ்டார்ச் ஆலையின் கழிவு.

ஸ்டார்ச் எடுக்க, மக்காச்சோளத்தை முதல்ல ஊற வைக்கணும். அந்தத் தண்ணியைச் சுண்ட வெச்சா பழுப்பு நிறத்துல கொழகொழன்னு ஒரு திரவம் மிஞ்சும். நம்ம வீட்டு கழனித்தண்ணி மாதிரி, சத்து உள்ளது ஆனா வாங்க ஆள் இல்லாதது. ஆண்ட்ரூ மோயர் அதை பூஞ்சைக்கு உணவா ஊத்திப் பார்த்தார். பெனிசிலின் உற்பத்தி பத்து மடங்கு கூடிடுச்சு.

1943-ல் பியோரியா சந்தையில் வாங்கின ஒரு அழுகின முலாம்பழத்துல இன்னும் நல்லா விளையுற பூஞ்சை கிடைச்சது. பிறகு எக்ஸ்-ரேயும் புற ஊதாக் கதிரும் பாய்ச்சி அதை மேம்படுத்தினாங்க. சிட்ரிக் அமில நொதித்தலில் அனுபவம் இருந்த ஃபைசர், 1944 மார்ச்சில் புரூக்ளின்ல பெரிய தொட்டிகளில் வேலையைத் தொடங்கிச்சு. அமெரிக்காவோட மொத்த உற்பத்தி 1943-ல் 2,100 கோடி யூனிட். 1944-ல் 1,66,300 கோடி. 1945-ல் 6,80,000 கோடிக்கும் மேல். ஆல்பர்ட் அலெக்சாண்டருக்குக் கிடைக்காத மருந்து, மூணே வருஷத்துல நார்மண்டி கரையில் அடிபட்ட சிப்பாய்களுக்குக் கிடைச்சது.

அப்படின்னா கெமர்ஜி ஜெயிச்சிருக்கணுமே? இல்லை. போர்க்காலத்தில் செயற்கை ரப்பருக்கான பியூட்டாடையீனில் பெரும்பகுதி ஆல்கஹாலில் இருந்து வந்தது, அதிலும் தானிய ஆல்கஹால் நிறைய. போர் முடிஞ்சதும் மலிவான பெட்ரோலியம் அந்த இடத்தைப் பிடிச்சது. பிளாஸ்டிக், பெயின்ட், நூலிழைன்னு ஒவ்வொண்ணா எண்ணெய் பக்கம் போயிடுச்சு. இயக்கம் மெல்ல மங்கிப் போச்சு.

இதுல எனக்குப் படுறது இதுதான். எண்ணெயால் செய்யமுடிகிற பொருளை விளைபொருளில் செய்தால், எண்ணெய் விலைதான் உங்க தலைவிதி. உயிரால் மட்டுமே எளிதில் செய்யமுடிகிற பொருளா இருந்தா நிலைச்சு நிக்கும். பெனிசிலின் நின்னுச்சு. அதே பியோரியாவில் அலீன் ஜீன்ஸ் குழு கண்டுபிடிச்ச சாந்தன் கம்மும் நின்னுச்சு. மக்காச்சோளச் சர்க்கரையை பாக்டீரியா தின்னு தர்ற பசை அது. சாஸ் பாட்டில் லேபிள்ல 415-ன்னு எண் பாருங்க, அதேதான்.

எத்தனால் வேற கதை. இன்னைக்கு அமெரிக்க மக்காச்சோளத்தில் மூணுல ஒரு பங்குக்கு மேல அதுக்குத்தான் போகுது. ஆனா அது சட்டம் கொடுத்த சந்தை. கலக்கணும்னு விதி இல்லைன்னா அந்த அளவுக்கு நிக்குமாங்கிறது பெரிய கேள்வி.

இதை நம்ம ஊர்லயும் வெச்சுப் பார்க்கலாம். சேலத்து சேகோ ஆலைகளும் மரவள்ளிக்கிழங்குல இருந்து ஸ்டார்ச் எடுக்குற தொழில்தான். அந்தக் கழிவுநீர் ரொம்ப நாளா ஓடையைக் கெடுத்துச்சு. இப்ப பல ஆலைகள் அதுல பயோகேஸ் எடுக்குறாங்க. திப்பி மாட்டுத்தீவனமா போகுது. நல்ல தொடக்கம். பியோரியாவில் நடந்தது அதுக்கு அடுத்த படி. கழிவை எரிக்கிறதோட நிறுத்தாம, இதுல என்ன வளரும்னு உட்கார்ந்து பார்க்க சம்பளம் கொடுத்து ஆள் வெச்சாங்க. கூட்டம் சேர்த்தது ஃபோர்டோட கார்தான், உயிரைக் காப்பாத்தினது அந்த ஊறல் தண்ணி.