சூலமும் தணலும்: சுட்ட உணவின் வரலாற்றைச் சொற்களின் வழியே தேடுதல்

2024 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு ஒன்று சட்டத்துறைக்கு வெளியிலும் பெரும் பேச்சானது. பட்டர் சிக்கனையும் தால் மக்கனியையும் முதலில் ஆக்கியவர் யார் என்பதே கேள்வி. பிரிவினையை ஒட்டிப் பெஷாவரிலிருந்து தில்லிக்கு வந்து, தரியாகஞ்சில் மோத்தி மகால் உணவகத்தை நடத்திய கூட்டாளிகள் குந்தன் லால் குஜ்ராலும் குந்தன் லால் ஜக்கியும். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று எதிரெதிர்த் தரப்பில் நிற்கின்றனர். பட்டர் சிக்கனுக்கு அடிப்படை தந்தூரில் சுட்ட கோழி. ஆகவே வழக்கைப் பற்றிய விவாதம் சமூக ஊடகங்களில் விரைவிலேயே வேறொரு பழைய சண்டையாக மாறியது. தணலில் இறைச்சி வாட்டும் வழக்கத்தை முகலாயர் கொண்டுவந்தனர் என்றது ஒரு தரப்பு. எல்லாம் வேத காலத்திலேயே இருந்தது என்றது மற்றொன்று. இரு தரப்புமே சான்றுகளை அரைகுறையாகப் படித்திருந்தன.

சூல் கொண்டு சுடுதல் இந்நிலத்தில் மிகப் பழையது என்பதில் ஐயமில்லை. இருக்கு வேதத்தின் முதல் மண்டலத்தில் உள்ள குதிரை வேள்விப் பாடல், சூலில் சுடப்படும் இறைச்சியிலிருந்து சொட்டும் சாற்றையும் இறைச்சி வேகும் பானையையும் ஒருசேரக் குறிப்பிடுகிறது. பாணினியின் அட்டாத்தியாயி இவ்விரு முறைகளுக்கும் இலக்கணமே வகுத்துவிடுகிறது. சூலில் பக்குவப்படுத்தப்பட்டது ‘சூல்ய’, பானையில் (உகா) பக்குவப்படுத்தப்பட்டது ‘உக்ய’. இரண்டும் ஒரே விகுதியால், ஒரே நூற்பாவால் ஆக்கப்படுகின்றன. சூலில் சமைத்தலைக் குறிக்கும் வினைவடிவத்துக்குத் தனியாக இன்னொரு நூற்பாவும் உண்டு. இலக்கண ஆசிரியர் ஒருவர் ஒரு சமையல் வினைக்கு இவ்வளவு இடம் ஒதுக்குகிறார் என்றால், அச்சொற்கள் அன்றாட வழக்கில் புழங்கியிருக்க வேண்டும். சுசுருத சம்கிதை இறைச்சிப் பக்குவங்களை எண்ணும்போது ‘சூல்ய’த்தோடு ‘கந்து’ என்னும் அடுப்பில் வெந்ததையும் தனியே சொல்கிறது. தெற்கிலும் நிலை இதுவே. கரிகாலன் பொருநருக்கு அளித்த விருந்தைச் சொல்லும் பொருநராற்றுப்படையில், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி இடம்பெறுகிறது. அக்கம்பிக்கு அங்குள்ள பெயர் ‘காழ்’.

சமையல் முறையை விரிவாகக் காண 12ஆம் நூற்றாண்டுக்கு வர வேண்டும். கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் (ஆட்சி 1126–1138) இயற்றிய ‘மானசோல்லாச’த்தின் உணவுப் பகுதி, இன்றைய புலால் மறுப்புப் பெருமிதங்களுக்குச் சற்றே சங்கடம் தரக்கூடியது. காட்டுப்பன்றியின் மயிரை நீக்க இரண்டு வழிகள் அதில் உள்ளன. வெள்ளைத் துணியால் போர்த்திக் கொதிநீர் ஊற்றுவது ஒன்று. மண் பூசி வைக்கோல் தீயில் பொசுக்குவது மற்றொன்று. ஈரலைக் கொட்டைப்பாக்கு அளவில் நறுக்கி, தணலில் வாட்டி, மசாலாவுடன் பொரித்துத் தயிரிலோ கடுகு நீரிலோ இடச் சொல்கிறது. மசாலா ஏற்றிக் கம்பியில் கோத்துச் சுட்ட துண்டுகளுக்குப் ‘படித்ரக’ என்று பெயர் தருகிறது. ஆமையும் வயல் எலியும்கூட அரசனின் உண்கலத்துக்கு வருகின்றன. நூல் வடமொழியில் உள்ளது. எழுதப்பட்டதோ கன்னட நிலத்தில். அந்த எலியைப் பிடித்து நெருப்பில் இட்டவர்கள் ‘சுடு’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவான அந்த வினைச்சொல்லுக்கு நூலில் இடமில்லை.

நானூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அபுல் பசல் எழுதிய ‘ஆயினி அக்பரி’யில் ‘யுல்மா’ என்றோர் உணவு வருகிறது. ஆட்டைக் கொதிநீரில் இட்டு, மயிர் முழுவதும் கழன்றபின் சமைப்பது அது. சோமேசுவரனின் பன்றியும் அக்பரின் ஆடும் ஒரே வெந்நீரில் குளித்தன என்று கூறத் தோன்றும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது எனக் கொள்வது பிழை. தோலோடு சமைக்க விரும்பும் எவரும் தாமே கண்டடையக்கூடிய உத்தி அது. அதே நூலில் ‘கபாப்’ பத்துச் சேர் இறைச்சிக்கு அளவு சொல்லப்படுகிறது. நெய் அரைச் சேர். உப்பும் இஞ்சியும் வெங்காயமும் அரைச் சேர் வீதம். சீரகம், கொத்தமல்லி, மிளகு, ஏலம், கிராம்பு சிறிதளவு. மிளகாய் இல்லை. அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியே வந்த அது அரண்மனை அடுக்களைக்குள் இன்னும் நுழைந்திருக்கவில்லை. இன்று ‘முகலாய் கபாப்’ என்று விற்கப்படும் செக்கச்செவேலென்ற பண்டத்தை அக்பர் அடையாளம் கண்டிருக்க மாட்டார்.

‘கபாப்’ அரபுச் சொல். கருக்குதல் எனப் பொருள்படும் அக்காதிய வினையோடு அதனை உறவுபடுத்துவர். ‘தந்தூர்’ இன்னும் நெடுந்தூரம் நடந்து வந்த சொல்: அக்காதியத்தில் தினூரு, அரபியில் தன்னூர், பாரசீகத்தில் தனூர். இச்சொற்கள் மேற்கிலிருந்து வந்தவை என்பது உறுதி. சொல் வந்ததனாலேயே பொருளும் அப்போதுதான் வந்தது என முடிவு செய்வதுதான் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம். இராசத்தானத்தின் காளிபங்கனில் 1960களில் நடந்த அகழாய்வில், இன்றைய தந்தூரை ஒத்த களிமண் அடுப்புகள் அரப்பாப் பண்பாட்டு அடுக்குகளில் கிடைத்தன. அவ்வடுப்புகளை அம்மக்கள் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதை அறிய வழியில்லை. கோழியைச் சுட்டார்கள் என்று அவற்றைக் கொண்டு வாதிடுவதும் வீண். பஞ்சாபின் ஊர்ப் பொதுத் தந்தூரான ‘சாஞ்சா சூல்ஹா’வும் முதன்மையாக ரொட்டிக்கானதே. மாலையில் பெண்கள் பிசைந்த மாவோடு கூடும் இடம் அது. அந்த அடுப்பைக் கோழியின் பெயரோடு பிணைத்து நாடெங்கும் புகழ் பெறச் செய்தவை பிரிவினைக்குப் பிந்தைய தில்லியின் உணவகங்கள்.

அரசர் நூல்களையே சான்றாகக் கொள்வதால் ஒரு பெரும் பகுதி விடுபட்டுப் போகிறது. இந்தியாவில் மிகுதியாகச் சுடப்பட்டது இறைச்சியன்று, காய்கறியும் மாவும்தான். சுட்டவர்களும் அரண்மனைச் சமையற்காரர்கள் அல்லர். பீகாரின் லிட்டி, வறட்டித் தணலில் வேகும் சத்துமாவு உருண்டை. அதற்குத் துணையாகும் சோக்கா, அதே தணலில் சுட்டுப் பிசைந்த கத்தரிக்காய். இராசத்தானத்தின் பாட்டியும் அவ்வகையே. குசராத்தின் ‘உந்தியு’ தன் பெயரிலேயே செய்முறையைச் சுமக்கிறது: ‘உந்து’ என்றால் கவிழ்ந்தது. காய்களை அடைத்த பானையை மண்ணில் கவிழ்த்துப் புதைத்து, மேலே தீ மூட்டுவர். மகாராட்டிர வயல்களில் இளஞ்சோளக் கதிரைக் குழித் தணலில் சுட்டுத் தின்னும் ‘ஹுர்டா’ குளிர்காலத்தின் விருந்து. இச்சொற்களில் ஒன்றுகூடப் பாணினியிலோ அபுல் பசலிடமோ கிடையாது.

இவர்களின் கைப்பக்குவம் நூலேறாமல் வாய்வழியே வந்தது. சுவாலை அடங்கிக் கங்கின்மேல் சாம்பல் பூத்த பிறகே காயை இட வேண்டும். கத்தரிக்காயை முன்கூட்டியே குத்திவைக்காவிட்டால் ஆவி அடைத்து வெடிக்கும். இராசத்தானத்தில் முற்றிய இறைச்சிக்குக் ‘கச்ரி’ என்னும் காட்டு வெள்ளரியின் பொடியைத் தடவுவார்கள். அதிலுள்ள நொதி புரதத்தைத் தளர்த்துகிறது. பப்பாளியும் இதையே செய்யும். ஆனால் பப்பாளி மிளகாயைப் போல் கடல் கடந்து வந்தது. கச்ரி தார்ப் பாலையிலேயே விளைவது.

எரிவாயு அடுப்பு வந்தபின் நகர வீடுகளில் தணல் இல்லாமற்போயிற்று. ஆனாலும் வடநாட்டு அடுக்களைகளில் ‘துங்கார்’ நிலைத்திருக்கிறது. சமைத்து முடித்த பருப்பின் நடுவிலோ சுட்ட கத்தரிக்காய் மசியலின் நடுவிலோ ஒரு சிறு கிண்ணத்தை வைத்து, அதில் கனன்ற கரித்துண்டு ஒன்றை இட்டு, மேலே ஒரு சொட்டு நெய் விட்டு, புகை எழுந்ததும் பாத்திரத்தை மூடிவிடுவார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் பருப்பில் கரியின் மணம் ஏறியிருக்கும்.