சிறையிற் பிறந்த தலைமை

நாட்டுப்பற்று என்பது அரசின் கூற்றனைத்தையும் மெய்யென ஏற்பதன்று. அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்ரொக்டேலின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1964 ஓகஸ்ட் 4ஆம் நாளிரவு ரொங்கின் வளைகுடாவின்மேற் பறந்த அவர், அமெரிக்கக் கப்பல்களைத் தாக்கியதாகக் கூறப்பட்ட வட வியட்நாமியப் படகுகளில் ஒன்றையேனும் கண்டாரில்லை. ஆயினும் அத்தாக்குதலைக் காரணங்காட்டியே அமெரிக்கா போரை விரிவாக்கியது.

1965 செப்ரெம்பரில் அவரது விமானம் சுட்டுவீழ்த்தப்பட்டது. ஹனோய்ச் சிறைகளில் ஏழாண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்த அவர், சுவரிலே தட்டும் சங்கேத ஒலிகளாற் கைதிகளை ஒன்றிணைத்தார். சித்திரவதையின்போதும் விட்டுக்கொடுக்கலாகாதவை எவையென விதிகள் வகுத்தார். பிரசாரத்துக்குத் தம்மைக் காட்சிப்பொருளாக்க முயன்றபோது தம் முகத்தைத் தாமே சிதைத்துக்கொண்டார். பிறர்க்கு விதித்ததைத் தாமே முதலிற் சுமந்தமையே அவரது தலைமையின் அடித்தளமாகும்.

வளைகுடாவில் தாம் அறிந்த உண்மை பகைவரின் கருவியாகலாம் என அஞ்சிச் சிறையில் அதனை மறைத்தார். 1973இல் விடுதலையான அவர், 1984இல் மனைவி சிபிலுடன் எழுதி வெளியிட்ட நூலில் அதனைத் தம் மக்களுக்கு எடுத்துரைத்தார். பகைவர்முன் காத்த மௌனமும் மக்கள்முன் உரைத்த உண்மையும் ஒரே பற்றின் இரு முகங்களாம்.