மன்னிப்புக்கு விலை உண்டா?

பாவத்திற்காக வருந்தி இறைவனிடம் திரும்பும் அடியானை இடைமறித்துக் கட்டணம் கேட்க எவருக்கேனும் உரிமை உண்டா? ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியக் கிறித்தவ உலகை இரண்டாகப் பிளந்தது இக்கேள்வியே.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரப் பேராயராக 1514இல் ஆல்பிரெக்ட் பதவியேற்றார். அப்பதவிக்காக ரோமுக்குச் செலுத்திய பெருந்தொகையை ஆக்ஸ்பர்க் நகரின் ஃபுக்கர் வணிகக் குடும்பத்திடம் கடனாகப் பெற்றிருந்தார். கடனை அடைக்கப் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு போப் பத்தாம் லியோ இசைவளித்தார். வருவாயில் பாதி ரோமின் புனித பேதுரு ஆலயக் கட்டுமானத்திற்கு, மறுபாதி கடனுக்கு.

கத்தோலிக்கக் கொள்கைப்படி அச்சீட்டு பாவத்தை மன்னிப்பதன்று. பாவசங்கீர்த்தனத்தில் மன்னிக்கப்பட்ட பாவத்திற்கு எஞ்சியுள்ள தண்டனையையே குறைப்பது. ஆனால் டெட்சல் என்னும் துறவியின் விற்பனைப் பிரசங்கத்தில் இவ்வேறுபாடு மங்கிப்போயிற்று. இறந்துபோன பெற்றோரை வேதனையிலிருந்து விடுவிக்கலாம் என்று நம்பி எளிய மக்கள் காசை அள்ளிக் கொடுத்தனர்.

இதை எதிர்த்து விட்டன்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரான துறவி மார்ட்டின் லூதர் 95 வாதங்களை எழுதி, 1517 அக்டோபர் 31 அன்று ஆல்பிரெக்டுக்கே மடல் அனுப்பினார். உண்மையாக மனம் வருந்துபவருக்குச் சீட்டு இல்லாமலே மன்னிப்பு உண்டு. செல்வந்தரான போப் ஏழைகளின் பணத்தில் ஏன் ஆலயம் கட்ட வேண்டும் என்று அவர் வினவினார்.

விற்பனையில் தொடங்கிய வாதம் அதிகாரத்தை எட்டியது. வேதத்திற்குப் பொருள் கூறும் உரிமை போப்புக்கு மட்டும் உரியதன்று என 1520இல் லூதர் எழுதினார். திருப்பலியில் திராட்சரசக் கிண்ணம் பொதுமக்களுக்கு மறுக்கப்படுவதையும் கண்டித்தார். 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னிலையிலும் தம் எழுத்தைத் திரும்பப் பெற மறுத்தார். அடுத்த ஆண்டே புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் சுவிங்லி இன்னும் கடுமையாகச் சென்றார். 1524இல் ஆலயங்களிலிருந்து சிலைகள் அகற்றப்பட்டன. 1525இல் திருப்பலியே நிறுத்தப்பட்டது. வேதத்தில் இல்லாத எதுவும் வழிபாட்டில் கூடாது என்பதே அவர் அளவுகோல்.

ஆனால் அதே அளவுகோலைச் சுவிங்லியின் மாணவர்கள் சிலர் கையில் எடுத்தனர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேதத்தில் சான்று எங்கே என்று கேட்டனர். அவர்களுள் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் சூரிச் மன்றம் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. ரோமின் அதிகாரத்தைக் கேள்வி கேட்ட நகரம், தன் அதிகாரத்தை ஒருவர் கேட்டபோது பொறுக்கவில்லை!

மறுபுறம், கத்தோலிக்கத் திருச்சபை தன் அடிப்படைக் கொள்கைகளை விட்டுக்கொடுக்காவிடினும், கண்டனத்தில் இருந்த உண்மையைக் காணாமல் இல்லை. டிரெண்ட் பொதுச்சங்கம் 1562இல் காசு வசூலிக்கும் பிரசங்கிகளின் பதவியை ஒழித்தது. 1567இல் போப் ஐந்தாம் பயஸ் பணம் பெற்று வழங்கும் சலுகைகளை ரத்துச் செய்தார்.

சகோதரர்களே! இவ்வரலாற்றில் இரு படிப்பினைகள் உள்ளன. சமயத்தின் பெயரால் பணம் திரட்டப்படும்போது அது எங்கே போகிறது என்று கேட்பது நிந்தனையன்று, கடமை. பிறரை அளந்த கோலால் நம்மையும் அளக்க இடந்தருவதே நீதி. முதலாவது எளிது, இரண்டாவதே கடினம். சிந்திப்போமாக!