வலி இல்லாத நோய்க்கு மாத்திரை

1974 சனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, கிராமத்தாருக்கு மருந்து என்பது காய்ச்சலுக்கோ பேதிக்கோ நாலைந்து நாள் சாப்பிட்டு, குணமானதும் நிறுத்துவது. தொற்றுநோய்க் காலத்துக்கு அந்த வழக்கம் பொருந்தியது. இரத்தக் கொதிப்போ பெரும்பாலும் வலி காட்டாது. மாத்திரைக்கும் முடிவு சொல்லாது. பலர் அதைப் பாதியில் நிறுத்துவதற்கு மக்களின் அறியாமையே காரணம் என்போர் உண்டு. என்னால் ஏற்க முடியவில்லை. 1991-இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் எழுத்தும் சைக்கிளும் கற்ற மண் இது. நன்கு படித்தவர்களும்தான் மாத்திரையைப் பாதியில் விடுகிறார்கள்.

விலைதான் தடை என்பதும் பாதி உண்மையே. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானபின் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து சீராகக் கிடைத்தது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வந்தால் கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். 2020-இல் தமிழ்நாடு முழுவதும் நடந்த ஆய்வில், கொதிப்பு உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து அந்தத் தூரத்தைக் குறைத்தது. வாசலில் கொடுத்தும் சிலர் விழுங்குவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். கொதிப்பின் அளவு சரியாக இருப்பதே மாத்திரையால்தான், நிறுத்தினால் மீண்டும் ஏறும் என்பதை உட்கார்ந்து விளக்க, கொண்டுவருபவருக்கு நேரம் வேண்டும். அறிவொளித் தொண்டர்கள் மாலைதோறும் கொடுத்தது அந்த நேரத்தைத்தான்.